ஜோசையா மார்ஷல் ஹீத்: பரங்கிப்பேட்டையில் உலை மூட்டியவர், ஒரு வார்த்தையில் காப்புரிமையை இழந்தவர்

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் இரும்புப் பட்டறைகளுக்கு வேலை குறைவில்லை. கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர், சர்க்கரை ஆலைக்கான தொட்டி, சிமெண்ட் ஆலைக்கான புனல், வீட்டு கேட் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, கேஸ் கட்டரைக் கையில் பிடித்து மெதுவாக அறுப்பார்கள். இப்போது பல ஊர்களில் அந்த வேலையை சி.என்.சி பிளாஸ்மா இயந்திரம் செய்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது? கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், ஒரே தகட்டில் எத்தனை துண்டுகள் அடங்கும் என்று மென்பொருளே கணக்குப் போட்டு அடுக்கிவிடும். தண்டவாளம் போன்ற சட்டத்தில் டார்ச் நகர்கிறது. டார்ச்சுக்குள் அழுத்தப்பட்ட காற்று போகிறது. அதற்குள் மின்சாரம் பாய்ந்ததும் காற்றே பிளாஸ்மாவாக மாறுகிறது. 20 ஆயிரம் டிகிரி செல்சியஸ் வரை எட்டும் அந்தச் சூட்டுக் கம்பி தகட்டை உருக்க, காற்றின் வேகம் உருகியதைக் கீழே தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கேஸ் தீயால் அறுக்க முடியாது. அதிலுள்ள குரோமியம் உருகாத ஒரு படலமாகி வழியை மறித்துவிடும். பிளாஸ்மாவுக்கு அந்தத் தடை இல்லை. 1950களில் அமெரிக்காவில் இந்த முறை உருவானதற்கு அதுவும் ஒரு காரணம்.

இயந்திரத்தைப் பார்ப்பவர்கள் பொதுவாகத் தகட்டைப் பார்ப்பதில்லை. ஆனால் கதை தகட்டில்தான் இருக்கிறது. கட்டுமான வேலைக்குக் கடையில் வாங்கும் சாதாரணத் தகட்டுக்கு ஐ.எஸ் 2062 என்று ஒரு இந்தியத் தர எண் உண்டு. அதில் கார்பனுக்கு அடுத்து மாங்கனீஸுக்கு ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். அதிகபட்சம் சுமார் 1.5 சதவீதம். இந்தச் சிட்டிகை இல்லாவிட்டால் அந்தத் தகட்டை ஆலையில் விரிசலில்லாமல் உருட்டி எடுப்பதே பெரும்பாடு.

எஃகு உருக்குபவர்களுக்கு மாங்கனீஸைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். உலோகவியல் வரலாற்றில் தெரிந்த பெயர். அவர் முதலில் பெரிய உலை மூட்டிய இடம், பெண்ணாடத்தை ஒட்டி ஓடும் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை.

துணி வாங்க வந்தவர்

ஹீத் இரும்புக்காரர் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணச் சிவில் ஊழியர். சேலம், கோவைப் பகுதிகளில் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்தார். நெசவாளர்களிடம் துணி கொள்முதல் செய்வது, பருத்திச் சாகுபடியைப் பெருக்குவது, இவைதான் வேலை. ஆளு எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. பறவைகள், விலங்குகளின் மாதிரிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். நம் ஊர் வீடுகளில் அடையும் பெரிய மஞ்சள் வௌவாலுக்கு 1831இல் விலங்கியலாளர் ஹார்ஸ்ஃபீல்டு வைத்த அறிவியல் பெயர் ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தியை. அந்த ஹீத் இவர்தான்.

சேலத்தில் அவர் கண்ணில் பட்ட இன்னொரு விஷயம் அவருடைய வாழ்க்கையையே புரட்டிப் போட்டது. கஞ்சமலை போன்ற குன்றுகளைச் சுற்றி, ஆள் உயரம்கூட இல்லாத களிமண் உலைகளில் ஊர்க்காரர்கள் இரும்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி, நொறுக்கிய கருங்கனிமம். அந்த இரும்பிலிருந்து அடுத்த கட்டமாக எஃகும் செய்தார்கள். ஐரோப்பாவில் அதற்கு ‘வூட்ஸ்’ என்று பெயர். உருக்கு, உக்கு என்ற நம் பக்கத்துச் சொல்லின் திரிபுதான் அது என்பது பரவலான கருத்து. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ச்சி செய்து, அதே மாதிரி செய்துபார்க்க முயன்ற காலம் அது.

ஃபாரடேவிடம் இருந்தது ஆய்வகம். ஹீத்திடம் இருந்தது சேலம். உலைப் பக்கத்திலேயே நின்று பார்த்து அவர் எழுதிவைத்த செய்முறை இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது. இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, சின்னக் களிமண் குப்பிக்குள் போடுகிறார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே எருக்கு இலை. குப்பியின் வாயைக் களிமண்ணால் நன்றாக அடைத்துக் காயவைக்கிறார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட குப்பிகளை உலையில் வளைவாக அடுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் துருத்தி ஊதினால், குப்பிக்குள் எஃகுக் கட்டி தயார். ஒவ்வொன்றிலும் கிடைப்பது கைக்கு அடக்கமான ஒரு கட்டிதான்.

ஏன் ஆவாரங்குச்சி? சூட்டில் அது கரியாகி இரும்புக்குக் கார்பனைக் கொடுக்கிறது. இலையும் குச்சியும் எரியும்போது வரும் வாயுவும் குப்பிக்குள் அடைபட்டு அதே வேலையைச் செய்கிறது. இங்கிலாந்தில் டேவிட் மஷெட் 1800இல் கரியோடு சேர்த்து உருக்கும் முறைக்கும், மழைக்கோட்டு புகழ் சார்லஸ் மெக்கின்டாஷ் 1825இல் வாயுவால் எஃகாக்கும் முறைக்கும் தனித்தனியாகக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இரண்டு தத்துவமும் சேர்ந்து சேலத்துக் குப்பிக்குள் எப்போதோ நடந்துகொண்டிருந்தது என்று ஹீத் சுட்டிக்காட்டினார். எகிப்தியர்கள் கருங்கல் தூண்களில் எழுத்துச் செதுக்கியதே இந்திய எஃகு உளியால்தான் இருக்கும் என்றுகூட வாதிட்டார். இந்த இரண்டாவது வாதத்துக்கு ஆதாரம் போதாது. கொஞ்சம் ஆர்வக்கோளாறு என்றே சொல்லலாம். முதல் வாதம் சரியானது. ஒரு விஷயத்தைச் செய்வது வேறு, காகிதத்தில் பதிவு செய்து உரிமை வாங்குவது வேறு என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. பின்னால் நடந்ததைப் பார்த்தால் இது முக்கியமாகத் தெரியும்.

வெள்ளாற்றின் வாயில் ஒரு இரும்பாலை

1825 வாக்கில் ஹீத் கம்பெனி வேலையை விட்டார். சேலத்து கனிமம் உயர்ந்த ரகம், காடுகளில் கரிக்கு மரம் இருக்கிறது, கூலி குறைவு. ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலை வைத்தால் இங்கிலாந்துக்கே இரும்பு அனுப்பலாம் என்பது கணக்கு. சென்னை அரசு கடன் கொடுத்தது. மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு எடுக்கும் தனியுரிமையையும், அரசுக் காடுகளில் விறகு வெட்டும் சலுகையையும் கொடுத்தது. ஹீத் இங்கிலாந்துக்குப் போய் இரும்பாலைகளைச் சுற்றிப் பார்த்து, இயந்திரங்களோடும் ஆட்களோடும் திரும்பி, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு எடுத்த முன்னோடி ஆலைகளில் இதற்கு முதன்மையான இடம் உண்டு. ஹைதர் அலியின் படையும் ஆங்கிலப் படையும் 1781இல் மோதிய ஊர், இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக்காக அறியப்படும் ஊர், நடுவில் கொஞ்ச காலம் இரும்பு ஊராக இருந்தது.

கனிமம் இருப்பது சேலத்தில். ஆலை இருப்பது கடற்கரையில். இங்கேதான் சிக்கல். வெள்ளாறு சேலத்து மலைகளில் பிறந்து, பெண்ணாடம் வழியாக நேரே பரங்கிப்பேட்டைக்கு வருகிறது. மேப்பில் பார்த்தால் கனிமத்துக்கென்றே வெட்டிய கால்வாய் மாதிரி இருக்கும். ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு அது. கனிமம் வந்தது சுற்று வழியில். காவிரியில் பரிசல் ஏற்றி, கொள்ளிடத்தில் இறக்கி, அங்கிருந்து கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கு. ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில்தான் இதுவும் நடக்கும்.

கரி இன்னும் பெரிய தலைவலி. அந்தக் கால உலையில் ஒரு டன் இரும்புக்குப் பல டன் மரக்கரி வேண்டும். ஒரு டன் கரிக்கு அதைப்போல நாலைந்து மடங்கு விறகு வேண்டும். ஒரு கிராமத்துக் களிமண் உலை ஒரு தோப்பை வைத்துக்கொண்டு பிழைத்துவிடும். ஊதுலை அப்படி இல்லை. மூட்டினால் இரவு பகல் அணையக் கூடாது. பக்கத்துக் காடு தீர்ந்ததும் கரி தூரத்திலிருந்து வரவேண்டும். தூரம் கூடக் கூட விலையும் கூடும். சேலத்து கனிமமும் எளிதில் மசியவில்லை. அது இரும்புச்சத்து அதிகமுள்ள கடினமான காந்தக்கல். இங்கிலாந்து முறைக்கு அது புதுசு.

ஆலை ஓடியது, இரும்பு வந்தது, கப்பலும் ஏறியது. தரத்தைப் பற்றி ஷெஃபீல்டில் குறை சொன்னவர் இல்லை. லாபம்தான் வரவில்லை. ஹீத்தின் கைப்பணமும் அரசுக் கடனும் கரைந்து, 1833 வாக்கில் அது ஒரு பங்கு நிறுவனமாக மாறியது. கேரளத்தின் பேப்பூரிலும் உலை வைத்துப் பார்த்தார்கள். நஷ்டம் தொடர்ந்தது.

பரங்கிப்பேட்டை இரும்பு பற்றி அடிக்கடி வாட்ஸ்அப்பில் வரும் ஒரு தகவல் உண்டு. வேல்ஸ் நாட்டின் மெனாய் தொங்குபாலத்துக்கும் பிரிட்டானியா குழாய்ப் பாலத்துக்கும் இந்த இரும்புதான் போனது என்பார்கள். மெனாய் தொங்குபாலம் திறக்கப்பட்டது 1826இல். ஆலை தொடங்கியது 1830இல். ஆக அந்தப் பாதி நிச்சயம் தப்பு. பிரிட்டானியா பாலம் 1850இல் திறக்கப்பட்டது. காலக் கணக்குப்படி அது நடந்திருக்கலாம்.

ஒரு சிட்டிகை மாங்கனீஸ்

ஹீத் 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்து திரும்பினார். ஆலை கைவிட்டது, சேலத்தில் கற்ற பாடம் கைவிடவில்லை. குப்பிக்குள் இரும்போடு வேறெதைச் சேர்த்தால் எஃகின் குணம் மாறும் என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது.

அன்றைக்கு எஃகின் தலைநகரம் ஷெஃபீல்டு. ஆனால் அங்கே நல்ல எஃகு செய்ய ஸ்வீடனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் விலை உயர்ந்த இரும்பை இறக்குமதி செய்யவேண்டும். இங்கிலாந்தின் சொந்த இரும்பில் கந்தகம் அதிகம். கந்தகம் இரும்போடு சேர்ந்தால் சீக்கிரம் உருகும் ஒரு பொருளாகி, எஃகின் மணிகளுக்கு இடையில் மெல்லிய படலமாகத் தங்கிவிடும். எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால், தண்ணீர் குறைவாகத் தெளித்த புட்டு மாதிரி உதிர்ந்துபோகும். அன்றைய வார்ப்பு எஃகை இன்னொரு இரும்போடு காய்ச்சி அடித்து ஒட்டவைப்பதும் கஷ்டம். கத்தியின் வாய்ப்பகுதியை மட்டும் எஃகாக வைத்து மற்றதை மலிவான இரும்பில் செய்வது அதனால் முடியாமல் இருந்தது.

மாங்கனீஸ் இதைச் சரிசெய்கிறது. கந்தகத்துக்கு இரும்பைவிட மாங்கனீஸ் மேல்தான் பிடிப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தால் படலமாகப் பரவாமல் குட்டிக் குட்டி உருண்டைகளாக ஒதுங்கிவிடும். உருகிய எஃகில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் மாங்கனீஸ் பிடித்துக்கொள்ளும். இந்த வேதியியல் எல்லாம் பின்னால் விளக்கமானது. ஹீத்துக்குத் தெரிந்தது பலன். குப்பியில் எஃகின் எடையில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை மாங்கனீஸ் கார்புரெட், அதாவது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைப் போட்டால், உள்நாட்டு இரும்பிலிருந்தே நல்ல எஃகு கிடைத்தது. அது ஒட்டவும் ஒட்டியது. 1839 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார்.

(மாங்கனீசுக்கு இன்னொரு முகமும் உண்டு. எஃகை வெல்டிங் செய்யும்போதும் பிளாஸ்மாவில் அறுக்கும்போதும் வரும் புகையில் அது இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். பிளாஸ்மா மேசைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பதும், புகை உறிஞ்சி மாட்டுவதும் சும்மா இல்லை. செலவு என்று அதைத் தவிர்க்கும் பட்டறைகள் கவனிக்கவேண்டிய விஷயம் இது.)

ஷெஃபீல்டில் எஃகு விலை இறங்கியது. கத்தி, ரம்பம், கருவி செய்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஹீத்துக்கும் நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும்.

அந்த ஒரு வார்த்தை

கார்புரெட்டைத் தனியாகத் தயாரிக்கச் செலவு அதிகம். கொஞ்ச நாளில் ஹீத்துக்கே எளிய வழி தெரிந்தது. மலிவாகக் கிடைக்கும் மாங்கனீஸ் ஆக்சைடையும், தார் போன்ற ஒரு கரிப்பொருளையும் நேரடியாகக் குப்பிக்குள் போட்டால் போதும். சூட்டில் அவை தாமாகவே சேர்ந்துகொள்ளும். பலன் அதே. இதை அவர் தன் ஷெஃபீல்டு முகவரான அன்வினிடம் சொன்னார். உரிமம் வாங்கியவர்களுக்கு இந்தக் கலவையைப் பொட்டலம் போட்டு விற்பது ஏற்பாடு.

அன்வின் என்ன செய்தார்? காப்புரிமைப் பத்திரத்தை எடுத்துப் படித்தார். அதில் மாங்கனீஸ் கார்புரெட் என்றுதான் இருந்தது. ஆக்சைடு, தார் பற்றி எதுவும் இல்லை. அப்படியானால் இந்தக் கலவை யாருடைய சொத்தும் இல்லை என்று சொல்லி, உரிமத் தொகை கொடுக்காமல் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார். மற்ற எஃகு முதலாளிகளும் அதே வழிக்கு வந்தார்கள்.

ஹீத் நீதிமன்றம் போனார். கலவையாகப் போட்டாலும் குப்பிக்குள் முதலில் உருவாவது கார்புரெட்தான், அதுதான் எஃகின் மேல் வேலை செய்கிறது, ஆகவே இது தன் கண்டுபிடிப்பே என்பது அவர் தரப்பு. பத்திரத்தில் எழுதாததற்கு உரிமை இல்லை என்பது எதிர்த்தரப்பு. மூடிய குப்பிக்குள், வெள்ளைச் சூட்டில், சில நிமிடங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை யார் பார்த்துச் சொல்ல முடியும்? வேதியியலாளர்கள் சாட்சிக்கூண்டு ஏறினார்கள். ஒரு நீதிமன்றம் ஹீத்துக்கு எதிராகச் சொல்ல, இன்னொன்று ஆதரவாகச் சொல்ல, வழக்கு மேலும் கீழுமாக இழுத்தது. எதிரில் பணக்கார எஃகு முதலாளிகள். இவருக்குப் பரங்கிப்பேட்டையில் போனது போக மிச்சமிருந்ததும் வக்கீல் கட்டணமாகப் போச்சு.

இதற்கு நடுவிலும் அவர் சும்மா இருக்கவில்லை. குப்பிகளை விட்டுவிட்டு, வாயுவால் சூடாக்கும் பெரிய உலையில் வார்ப்பிரும்பையும் பழைய இரும்பையும் சேர்த்து உருக்கி எஃகு எடுக்கலாம் என்று 1845இல் இன்னொரு காப்புரிமை பதிவு செய்தார். அதற்குத் தேவையான சூட்டை அன்றைய உலைகளால் எட்ட முடியவில்லை. இருபது வருஷம் கழித்து சீமென்ஸ், மார்ட்டின் என்ற இருவர் அதைச் சாதித்தபோது, பின்னர் பல பத்தாண்டுகளுக்கு உலகின் பெரும்பகுதி எஃகு அந்த வகை உலையில்தான் வந்தது.

ஹீத் 1851இல் வறுமையில் இறந்தார். வழக்கு முடியவில்லை. வாரிசுகள் நடத்தினார்கள். 1855இல் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு சொன்னது. கருத்துக் கேட்கப்பட்ட நீதிபதிகளில் பெரும்பாலானோர் ஹீத் பக்கம் நின்றும், தீர்ப்பு அன்வினுக்குச் சாதகமாக வந்தது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அன்வினுக்கு அந்தக் கலவையைச் சொல்லிக்கொடுத்ததே ஹீத்தான் என்பதை மறந்துவிட்டு அந்தத் தீர்ப்பைப் படிக்க முடியாது.

யாருக்குக் கிடைத்தது லாபம்?

தீர்ப்புக்கு அடுத்த வருஷம், 1856இல், ஹென்றி பெஸ்ஸமர் உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதி நிமிடக் கணக்கில் எஃகு செய்யும் முறையை அறிவித்தார். உரிமம் வாங்கியவர்கள் செய்துபார்த்தால் உருப்படியாக வரவில்லை, அடித்தால் உடைந்தது. பழைய காப்புரிமைக்காரர் டேவிட் மஷெட்டின் மகன் ராபர்ட் மஷெட் அதற்கு மருந்து கண்டுபிடித்தார். மருந்து மாங்கனீஸ்தான், மாங்கனீஸ் நிறைந்த ஒரு வார்ப்பிரும்பைக் கடைசியில் சேர்த்தார். அவருடைய காப்புரிமைக்கும் ஆயுசு கெட்டி இல்லை. 1859இல் கட்டவேண்டிய 50 பவுன் முத்திரைக் கட்டணத்தைப் பொறுப்பாளர்கள் கட்டாமல் விட, உரிமை காலாவதியானது. பெஸ்ஸமர் பெரும் பணக்காரர் ஆனார். மஷெட்டுக்குப் பிற்காலத்தில் வருஷத்துக்கு 300 பவுன் உதவித்தொகை கொடுத்தார். ஹீத்துக்கு அதுவும் இல்லை.

தண்டவாளம், கப்பல், பாலம், பாய்லர் என்று எஃகுத் தகடு உலகமெங்கும் டன் கணக்கில் பாய ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். இன்று பட்டறையில் கிடக்கும் தகடு அந்த வரிசையில் வந்தது.

பரங்கிப்பேட்டை ஆலை ஹீத் இறந்த பிறகும் கை மாறி, பெயர் மாறி, தத்தளித்து 1860களில் நின்றுபோனது. கஞ்சமலை அடிவாரத்தில் இன்று சேலம் உருக்காலை இருக்கிறது. அது கஞ்சமலைக் கனிமத்தை எடுப்பதில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்டுகிறது. கேஸ் தீ மசிய வைக்க முடியாத, பிளாஸ்மா அறுக்கும் அதே வகைத் தகடு.

ஹீத்துக்கு ஆவாரங்குச்சிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த சேலத்து உலைக்காரர்களின் பெயர் எந்தக் காப்புரிமைப் பத்திரத்திலும் இல்லை. இங்கிலாந்தில் மலிவான எஃகு, மாங்கனீஸ் புண்ணியத்தில், கப்பல் கப்பலாக இறங்க ஆரம்பித்ததும் அவர்களுடைய இரும்பை வாங்க ஆளில்லாமல் போனது. காட்டுச் சட்டங்கள் வந்து கரிக்கு மரம் வெட்டும் வழியும் சுருங்கியது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச காலத்துக்குள் களிமண் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கஞ்சமலைப் பக்கம் நிலத்தில் இன்றும் கிடக்கும் கறுத்த கசடுக் கட்டிகள் அந்த உலைகளுடையவை.